கருப்புப் பட்டை வாங்கிய மகளை எதில் சேர்ப்பது?

மகள் கராத்தேயில் முதல் டான், அதாவது கருப்புப் பட்டையின் முதல் நிலை, முடித்துவிட்டாள், இனி சொல்லிக்கொடுப்பதே தன் தொழில் என்கிறாள். கடன் வாங்கியாவது பொறியியலில் சேர்த்துவிடு என்று அவளுடைய பெரியப்பா நெருக்குகிறார் என ஒரு தாய் எழுதியிருக்கிறார். உங்கள் பதற்றம் புரிகிறது, அம்மா. ஆனால் பெரியப்பாவின் யோசனை தவறு. அந்தக் கடனை அடைக்கப்போவது அவரல்ல. கணக்கென்றாலே ஒதுங்கும் பெண்ணை, சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வதற்காக நான்கு ஆண்டுகள் கணக்கோடு கட்டிப்போடாதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மாஸ்டர் வராத ஒரு மாலையில், விழுந்து பழகும் சிறுவன் தலையைப் பின்னால் சாய்ப்பதைக் கவனித்து, அவள் மண்டியிட்டு அவன் மோவாயை மார்போடு சேர்த்து வைத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கற்பிப்பவரின் கண்.

அதே சமயம், பட்டை மட்டும் போதாது என்பதை அவளும் உணர வேண்டும். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியை நிறுவி, ஜூடோவுக்கு வகுத்த டான் வரிசையைக் கராத்தே 1920களில் எடுத்துக்கொண்டது. அது வீரரின் திறனை அளக்கிறது. வகுப்பு நடத்தும் திறனுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பலரும் எட்டிப்பார்க்காத இடம் ஒன்று அதற்கு இருக்கிறது: கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ எனப் பல பாணிப் பயிற்றுநர்களும் உறுப்பினராகும் சங்கம்.

ஒரு பாணியின் கூட்டமைப்பு பெரும்பாலும் தன் தேர்வுகளையும் போட்டிகளையும் கவனிக்கும். பல பாணிச் சங்கத்தின் அக்கறை கற்பித்தலில் இருக்கும். நல்ல சங்கம் முதலில் உதவிப் பயிற்றுநராகச் சேர்க்கும். முதலுதவி, குழந்தைப் பாதுகாப்பு, தலையில் அடிபட்டால் உடனே செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் கற்றுத்தரும். விழும் கலையைக் கராத்தே பயிற்றுநர் ஜூடோ ஆசிரியரிடமே நேரில் கற்கலாம். இந்த வாய்ப்பு ஒரே பாணிக்குள் இருப்பவருக்கு எளிதில் கிடைக்காது.

இன்னும் முக்கியமானது காப்பீடு. மாணவர் காயப்பட்டு இழப்பீடு கேட்டால் பயிற்றுநரைக் காப்பது பொறுப்புக் காப்பீடு. அவளுக்கே அடிபட்டால் வேண்டியது வேறு காப்பீடு. இரண்டும் உண்டா, நேரடி மோதல் பயிற்சியும் ஆயுதப் பயிற்சியும் அடங்குமா, வாடகைக் கூடத்தில் நடக்கும் வகுப்புக்குச் செல்லுமா என்று கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் காப்பீட்டு ஆவணத்தையே வாங்கிப் படியுங்கள்.

பணம் கட்டியதும் தேர்வில்லாமல் அடுத்த டான் தருவதாகச் சொல்லும் சங்கத்தை விட்டு உடனே விலகுங்கள். சங்கச் சான்றிதழ் பாணியின் சொந்தத் தரத்துக்கு ஈடாகாது என்பதும் நினைவிருக்கட்டும். டேக்வாண்டோவில், தென் கொரியாவிலுள்ள அதன் தலைமையகமான குக்கிவொன் வழங்கும் டானைக் கேட்கும் இடத்தில் வேறு காகிதம் செல்லாது.

சொந்தக் கூடம் இப்போது வேண்டாம். மாஸ்டரிடம் உதவியாளராகவே தொடரட்டும். பிறகு ஒரு கூடத்தை மணிநேர வாடகைக்கு எடுத்தால் போதும். வகுப்புகள் பெரும்பாலும் மாலையிலும் விடுமுறை நாள்களிலும்தான் நடக்கும். பகலில் அவளுக்குப் பிடித்த, உங்கள் கைக்கு எட்டும் கட்டணத்தில் ஒரு பட்டம் படிக்கலாம். பாடத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். கடன் விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை என்றால், இட வேண்டாம்.