ஆபரேஷனுக்கு முன் காப்பீடு: வாசகர் கேள்விகள்

கீழக்கரை வாசகர்: பாலிசி எடுத்து எட்டு மாதம். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பணம் வருமா?

வராது. தனிநபர் பாலிசிகளில் குடலிறக்கம், கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 24 மாதக் காத்திருப்பு உண்டு. அலுவலகக் குழு பாலிசியும் இருந்தால் பாருங்கள். பலவற்றில் இந்தக் காத்திருப்பு இருக்காது.

மண்டபம் வாசகர்: அப்பாவுக்கு மதுரையில் மூட்டு மாற்று. 5 லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு 1 சதவீதம். 8,000 ரூபாய் அறை எடுத்து, மிச்ச 3,000 ரூபாயை நாங்கள் கட்டினால் போதும்தானே?

போதாது. பாலிசியில் அறை வாடகை வரம்பைச் சொல்லும் அந்த ஒரு வரியைப் படிக்காமல்தான் டிஸ்சார்ஜ் அன்று பல குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன. 5 லட்சத்தில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000, உங்கள் வரம்பு; எடுப்பது 8,000. அந்த எட்டில் ஐந்து பங்கு விகிதம் வாடகையோடு நிற்காது. சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர், நர்சிங் கட்டணங்களிலும் விழும். அவை 1.2 லட்சம் என்றால் 75,000தான் வரும்; 45,000 உங்கள் தலையில். நான்கு நாள் வாடகை வித்தியாசம் 12,000 சேர்த்தால் சுமார் 57,000. மருந்து, செயற்கை மூட்டு, பரிசோதனை, ஐசியூ ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள். அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் இந்த வெட்டு செல்லாது. 5,000 ரூபாய்க்குள் அறை கேளுங்கள். அந்த அறைக்கான எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள்.

சாயல்குடி வாசகர்: கண்புரைக்கு எவ்வளவு கிடைக்கும்?

எந்த பாலிசி, எத்தனை வருடம், எந்த லென்ஸ்? ஒன்றையும் எழுதாமல் தொகை கேட்டால் எப்படிச் சொல்வது? பாலிசியில் ‘ஒரு கண்ணுக்கு’ என்று தனி வரம்பு இருக்கிறதா பாருங்கள். விலை கூடிய லென்ஸ் போட்டால் வரம்புக்கு மேல் போவது உங்கள் கைப்பணம். இங்கும் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள்.

இராமேஸ்வரம் வாசகர்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாமா?

கூடாது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, பட்டியலில் உள்ள சிகிச்சை, இரண்டும் பொருந்த வேண்டும். அங்குள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் முன் அனுமதி வந்த பிறகே அட்மிட் ஆகுங்கள். பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்கும் திட்டமல்ல இது.

தொண்டி வாசகர்: பாலிசி எடுக்கும்போது சுகரைச் சொல்லவில்லை. இப்போது சொல்லலாமா?

இன்றே எழுத்தில் சொல்லுங்கள். பிரீமியம் கூடலாம், காத்திருப்பு வரலாம். அது அதிகபட்சம் 36 மாதம். மறைத்தது கிளெய்மில் தெரிந்தால் பணமும் போகலாம், பாலிசியும் ரத்தாகலாம். பழைய மருந்துச் சீட்டு ஒன்றே அதற்குப் போதும்.