384 பேர் போதுமா?

கேள்வி: விளையாட்டு மேலாண்மையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கிரிக்கெட் மைதானத்தின் 12 ஸ்டாண்டுகளில், ஸ்டாண்டுக்கு 32 பேர் வீதம் 384 பார்வையாளர்களிடம் சேவைத் தரம், மீண்டும் வரும் விருப்பம் பற்றிய வினாப்பட்டியலை நிரப்பி வாங்கினேன். இவ்விரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (உறவின் வலிமையைக் காட்டும் எண்) 0.11, பி மதிப்பு (உறவே இல்லாதபோதும் இத்தகைய முடிவு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே. மாதிரி அளவுக்கான கிரெஜ்சி–மார்கன் அட்டவணைப்படி 384 பேரை எடுத்தும் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. எங்கே பிழை?

பதில்: கிரெஜ்சி, மார்கன் ஆகியோர் 1970இல் வெளியிட்ட அட்டவணையின் 384 என்ற எண், பெருந்திரளிலிருந்து எளிய சமவாய்ப்பு முறையில் எடுத்த மாதிரியைக் கொண்டு ஒரு விழுக்காட்டை 95% நம்பிக்கையுடன், 5 புள்ளிப் பிழைக்குள் மதிப்பிடுவதற்கானது, இரு மாறிகளின் உறவைச் சோதிப்பதற்காகக் கணக்கிடப்பட்டதன்று. ஆயினும் நம் ஆய்வேடுகளில் அது சடங்காகவே நிலைத்துவிட்டது.

இதைவிடப் பெரிய சிக்கல், ஒரே ஸ்டாண்டில் அமர்ந்தவர்கள் ஒரே வெயிலில் காய்ந்து, ஒரே கழிப்பறை வரிசையில் நின்று, ஒரே கடையில் தண்ணீர் வாங்கியவர்கள் என்பதால் அவர்களுடைய விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதே. ஸ்டாண்டுக்குள் அந்த ஒப்புமை வெறும் 0.05 என்று கொண்டாலும், 32இல் ஒன்று குறைத்து வரும் 31ஐ 0.05ஆல் பெருக்கி 1 கூட்டினால் 2.55 வரும், 384ஐ அதனால் வகுத்தால், சராசரிகளைப் பொறுத்தவரை உங்கள் 384 பேர், தனித்தனியே தேர்ந்தெடுத்த ஏறத்தாழ 150 பேருக்குத்தான் சமம். சேவைத் தரமும் ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு மாறக்கூடியது என்பதால், உங்கள் பி மதிப்பையும் அப்படியே நம்ப முடியாது. அதே 384 பேரை 48 பிரிவுகளில் எட்டெட்டுப் பேராக எடுத்திருந்தால் இந்த 150 என்ற எண் 284 ஆகியிருக்கும், செலவும் பெரிதாகக் கூடியிருக்காது.

கையில் உள்ள தரவை ஸ்டாண்டை ஒரு நிலையாகக் கொண்ட பலநிலை மாதிரியுருவில் (ஒரே ஸ்டாண்டினரின் ஒப்புமையைக் கணக்கில் கொள்ளும் புள்ளியியல் முறை) மறுபடி ஆராயுங்கள். 12 தொகுதிகள், அதாவது ஸ்டாண்டுகள், குறைவானவை என்பதால், அத்தகைய நிலையில் பிழை மதிப்பீட்டைச் சரிசெய்யும் கென்வர்ட்–ரோஜர் திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 0.11 என்ற கெழு மீண்டும் வரும் விருப்பத்தின் மாறுபாட்டில் 1.2 விழுக்காட்டை மட்டுமே விளக்குகிறது. தொகுதி விளைவைக் கணக்கில் கொள்ளாமலேயே அதன் 95% நம்பிக்கை இடைவெளி 0.01 முதல் 0.21 வரை நீள்கிறது. பி மதிப்பு சிறியது என்று காட்ட நட்சத்திரக் குறி போடுவதை விட்டு இந்த இடைவெளியை அட்டவணையில் காட்டுங்கள்.

இன்னொன்று, இரு மாறிகளையும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் கேட்டால், அணி வென்ற மகிழ்ச்சியே இரண்டையும் உயர்த்திவிடக்கூடும். அடுத்த சுற்றில், பங்கேற்பாளரின் ஒப்புதலுடன் கைப்பேசி எண்ணைப் பெற்று, அடுத்த பருவத்தில் அவர் உண்மையிலேயே டிக்கெட் வாங்கினாரா என்று கேட்டறியுங்கள்.