பரிசாக வந்த செடிகளை எப்போது தரையில் நடலாம்?

கேள்வி: புது வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. பின்பக்கம் கொஞ்சம் மண்தரை உண்டு. பிடுங்கப் பிடுங்கக் களை முளைக்கிறது. பெரும்பாலும் கோரை, வேலியோரம் அருகம்புல். வீடு மாறியபோது தோழிகளும் உறவினர்களும் கொடுத்த 9 செடிகள் தொட்டியிலும் பையிலுமாக வாசலில் நிற்கின்றன. மல்லிகை, செம்பருத்தி, பெயர் தெரியாத ஒரு கொடி எல்லாம் இருக்கிறது. செம்பருத்தி வாடத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் உடனே நட்டுவிடலாமா? களைக்கொல்லி அடித்தால் வேலை சீக்கிரம் முடியுமா? – ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு நட வேண்டாம். கோரை இருக்கும் மண்ணில் செடியை வைத்துவிட்டால் அப்புறம் அதன் வேருக்குள்ளேயே கோரை புகுந்துகொள்ளும். இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு.

நீங்கள் இத்தனை நாளும் பிடுங்கியது கோரையின் தலையை மட்டும்தான். மண் ஈரமாக இருக்கும்போது ஒரு கோரையைச் சுற்றிக் களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் கிளறிப் பாருங்கள். கம்பி போன்ற தண்டில் மணி கோத்த மாதிரி கறுத்த சின்னக் கிழங்குகள் வரிசையாக வரும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே வெளுப்பு, மூக்கருகே கொண்டுபோனால் நல்ல வாசனை. மேலே இழுக்கும்போது இந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. அதுவரை உறங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் தனித்தனியாக முளைவிடுகின்றன. பிடுங்கப் பிடுங்க அதிகமாவது உங்கள் பிரமை இல்லை.

முதலில் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குப் புரட்டி, கைக்கு அகப்படும் கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் சருகாகக் காய விடுங்கள். எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். நிச்சயம் மிச்சம் முளைக்கும். முளைத்து இரண்டு மூன்று வாரத்திலேயே புதுக் கிழங்கு கட்ட ஆரம்பித்துவிடும் என்பதால் பத்து நாளுக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சேமித்து வைத்ததைச் செலவழித்துச் செலவழித்துக் கிழங்கு ஓய்ந்துபோகும். ஒரே மாதத்தில் முடிகிற வேலை இல்லை இது. ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை குறைவது கண்ணுக்கே தெரியும்.

நிழல் கோரைக்கு ஆகாது. அதனால் செடிகள் வளர்ந்து தரையை மூடினால் பாதி வேலையை அவையே பார்த்துக்கொள்ளும். அருகுக்கு மண்ணை வெட்டிக் கிளறுவது கூடாது. ஒவ்வொரு கணுவும் வேர்விடும் என்பதால் கொடியை முழுசாக உருவி எடுங்கள்.

களைக்கொல்லியை நான் சொல்ல மாட்டேன். உறங்கும் கிழங்குவரை அது சரியாகப் போய்ச் சேர்வதில்லை. காற்றில் பறக்கும் சாரலோ பக்கத்துச் செடியைக் கருக்கிவிடும்.

இனி பரிசுச் செடிகள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. முன்பொரு முறை நெருங்கிய ஒருவர் கொடுத்த மல்லிகையைப் பையின் மண்ணோடு அப்படியே நட்டேன். இருபது நாளில் அதன் அடியிலிருந்தே கோரை எட்டிப் பார்த்தது. அதுவரை என் தோட்டத்தில் கோரையே கிடையாது. கடைசியில் மல்லிகையைத் தோண்டியெடுத்து, வேரை வாளித் தண்ணீரில் அலசி, கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மல்லிகை பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த வருஷம் பூக்கவில்லை.

ஆகவே 9 செடிகளையும் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் கணுக்களையும் தினமும் பாருங்கள். பஞ்சு ஒட்டியது போல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பையில் கோரை முளைத்தால் வேரை அலசிப் புது மண்ணில் மாற்றுங்கள். தரை கொஞ்சம் அடங்கியதும் ஒவ்வொன்றாக மாலை நேரத்தில் நடுங்கள். சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு பரப்பலாம், தண்டில் மட்டும் படக் கூடாது.

அந்தப் பெயர் தெரியாத கொடியைத் தொட்டியை விட்டு இறக்கவே வேண்டாம். மஞ்சள் பூ பூத்துத் தரையோடு படருகிறதா? அப்படியென்றால் வெடிலியாவாக இருக்கலாம். துண்டு விழுந்த இடத்தில் எல்லாம் வேர்பிடித்து அதுவே அடுத்த களையாகிவிடும். கொடுத்தவர் மனம் நோகாமல் தொட்டியிலேயே அழகாக வளர்க்கலாம்.

செம்பருத்திதான் அவசரம். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பையின் அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மண் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறி வாடுகிறது, இன்னும் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். துளை போட்டு நிழலில் வையுங்கள். மண் காய்ந்து, வேர் பைக்குள் சுருண்டு நெருக்கியிருந்தால் இன்று மாலையே பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.