பின் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி நியூசிலாந்து பற்றித்தான். தனியே கிளம்பும் பெண்கள் கயாக் (துடுப்பு போடும் ஒடுக்கமான படகு), வெந்நீர்க் குளம் இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்காவில் நான் மட்டும் கயாக் வாடகைக்கு எடுத்து மூன்று நாள் போக நினைத்தேன். மறுத்துவிட்டார்கள். பெண் என்பதாலா? (கோவை வாசகி)

இல்லை. தனி ஆள் என்றால் ஆணுக்கும் பெரும்பாலும் தரமாட்டார்கள். குறைந்தது 2 பேர் வேண்டும். கவிழ்ந்தால் திரும்ப ஏற்றிவிட ஒரு கை தேவை, அவ்வளவுதான். வழிகாட்டியோடு போகும் குழுவில் ஓர் இடம் பிடியுங்கள்.

ஆனால் இங்கேதான் என் பழைய வயிற்றெரிச்சல். தனியே வருபவரை முன்பின் தெரியாத யாருடனாவது டபுள் கயாக்கில் ஏற்றுவார்கள். படகைத் திருப்பும் சுக்கான் பின் சீட்டுக்காரரின் காலடியில் இருக்கும். அந்தப் பூங்காவை ஒட்டிய மராஹாவில் எனக்கு ஜோடியாக வந்த ஆள் அன்றுதான் முதன்முதலாகத் துடுப்பைத் தொட்டார். நான் பத்து வருஷமாகத் துடுப்பு போடுகிறவள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பின்னால், நான் முன்னால். ஸ்பிலிட் ஆப்பிள் பாறை வரை பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே போனோம். எடை கூடியவர் பின்னால் உட்கார்ந்தால் படகு நன்றாக நிற்கும் என்பது சரிதான், ஆனால் அந்த மனிதர் என்னைவிட ஒல்லி! முன்பதிவு செய்யும்போதே உங்கள் அனுபவத்தை எழுதி, பின் சீட் வேண்டும் என்று கேளுங்கள். கரையில் போய்க் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

ஹாட் வாட்டர் பீச்சுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

தேதியே எழுதாமல் மணியைக் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். ஓத அட்டவணையைப் பாருங்கள். கடல் நன்றாக வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம்தான் மணலைத் தோண்டிக் குளம் கட்ட முடியும். மண்வெட்டி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். மணலுக்கு அடியில் இருக்கும் வெந்நீர் ஊற்று 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும், காலை வைத்துப் பார்க்காமல் உட்காராதீர்கள். அந்தக் கடலில் நீந்தவே வேண்டாம், இழுப்பு பொல்லாதது. கயாக் ஆசைக்குப் பக்கத்து ஹாஹே கரை இருக்கிறது.

இலவச வெந்நீர்க் குளங்கள் பாதுகாப்பா?

டௌபோவில் ஒட்டுமுஹேகே ஓடை வைக்காட்டோ ஆற்றில் சேரும் இடம் எனக்குப் பிடித்தது. பகலில் போங்கள், காரில் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். முக்கியமாக, தலையை முக்காதீர்கள். வெந்நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும், பிழைப்பது அரிது. மூழ்கி எழுந்து போட்டோ எடுக்கும் ஆசை இருந்தால் வீட்டு வாளியில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

டௌபோ ஏரியின் பாறைச் சிற்பத்துக்கு நடந்து போகலாமா?

முடியாது. தண்ணீர் வழி மட்டும்தான். கயாக்கில் போய்த் திரும்ப அரை நாள்.

நீச்சல் தெரியாது. வழிகாட்டியிடம் சொல்லாமல் விடலாமா?

இந்தக் கேள்வியை எழுதக் கை எப்படி வந்தது? சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட் தருவார்கள், அலை இல்லாத ஓரமாகக் கூட்டிப் போவார்கள். மறைத்தால் ஆபத்து உங்களுக்கு மட்டும் இல்லை.

மில்ஃபோர்ட் சவுண்டில் மழை இல்லாத மாதம் எது?

அப்படி ஒன்று கிடையாது. வருஷத்துக்கு 7 மீட்டர் அளவுக்குப் பெய்யும் இடம் அது. மழைக்கோட்டோடு சாண்ட்ஃபிளை என்ற சின்னப் பூச்சியின் கடிக்கு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டோருவா குளத்தில் வெள்ளிக் கொலுசோடு இறங்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

கந்தகத் தண்ணீர், கரியாகக் கறுத்துவிடும். மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வையுங்கள். ஏற்கெனவே கறுத்துவிட்டதா? அலுமினியத் தாள் விரித்த கிண்ணத்தில் போட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றுங்கள். அப்புறம், அங்கேயும் தலையை முக்காதீர்கள்.