மொறிஸ் மைனரில் பெற்றோல் மணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்தில் ஒரு மொறிஸ் மைனர் 1000 வைத்திருக்கிறேன். 1098 சிசி எஞ்சின், எஸ்.யு. (SU) கம்பனியின் காபரேட்டர், அதே கம்பனியின் பெற்றோல் மின்பம். சில மாதங்களாகக் காலையில் கராஜ் கதவைத் திறந்ததும் பெற்றோல் மணம் முகத்தில் அடிக்கிறது. நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. தாங்கியை நிரப்பிய நாட்களில் பின்சீற்றில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் போட்டால் பம் நாலைந்து செக்கனுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. மெக்கானிக் பம்புக்கும் காபரேட்டருக்கும் இடையில் உள்ள றப்பர்க் குழாயை மாற்றினார். மணம் போகவில்லை. இப்போது பம்பையும், தாங்கியிலிருந்து வரும் முழுக் குழாயையும் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். உங்கள் காரில் ஒழுக்கு ஒன்றல்ல, இரண்டு என்றே நினைக்கிறேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றதன் மணம் இருக்கும், அதனால் செய்த வேலை பிழை என்று தோன்றும்.

முதலில் பம். மைனரில் அது பொனற்றுக்குள் இருக்கிறது, தாங்கியோ பின்னால். ஆகவே தாங்கியிலிருந்து பம் வரைக்கும் உள்ள நீளக் குழாய் உறிஞ்சப்படும் குழாய். அதில் வெடிப்பு இருந்தால் கார் ஓடும்போது பெற்றோல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். அப்போது பம் நிற்காமல் படபடவென்று அடிக்கும். உங்களுடையது நாலைந்து செக்கனுக்கு ஒன்று. அதாவது பம் காற்றை இழுக்கவில்லை. தள்ளிய பெற்றோல் எங்கேயோ கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. எல்லாம் இறுக்கமாக இருந்தால் காபரேட்டரின் மிதவை அறை (பெற்றோல் சேரும் சிறு கிண்ணம்) நிறைந்ததும் பம் அடங்கிவிடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தால் நான் கவலைப்பட மாட்டேன்.

கழியும் இடம் மூன்றில் ஒன்று: காபரேட்டரின் ஊசி வால்வு (மிதவை எழும்போது பெற்றோலை அடைப்பது), இடையில் உள்ள குழாய், அல்லது பம்பின் சொந்த வால்வு வழியாகத் தாங்கிக்கே திரும்புதல். பிரித்தறிவது சுலபம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், கராஜுக்கு வெளியே செய்ய வேண்டும், பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இக்னிஷன் கோயிலிலிருந்து (coil) டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் திறப்புப் போட்டபடி இருக்கும்போது கோயில் சூடேறிக் கெட்டுப்போகும். காபரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, பொருத்தமான மழமழப்பான போல்ட் ஒன்றைச் செருகிக் கிளிப்பை இறுக்குங்கள். வழிந்ததைத் துடைத்து, ஆவி போனபிறகு திறப்பைப் போடுங்கள். பம் அடங்கினால் குற்றவாளி காபரேட்டர். தொடர்ந்து அடித்தால் குழாய் முழுவதையும் வெள்ளைத் துணியால் தடவிப் பாருங்கள். ஈரமே இல்லையென்றால் பம்பின் வால்வு.

காபரேட்டர்தான் என்று பந்தயம் கட்டுவேன். மிதவை அறை மூடியில் மூன்று ஸ்குரூ. கழற்றியதும் மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் குலுங்கினால் அது ஓட்டை, ஒட்டிப் பயனில்லை, மாற்றுங்கள். ஊசியின் கூம்பு முனையில் வளையம் போல் தேய்மானம் தெரிந்தால் ஊசியையும் அதன் இருக்கையையும் சோடியாக மாற்றுங்கள். ஊசியை மட்டும் மாற்றினால் பழைய இருக்கையில் புது ஊசி அமராது. பிறகு மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் பாரத்தில் ஊசி மூடியிருக்கும்போது, பெற்றோல் வரும் முனையில் சுத்தமான குழாய்த் துண்டு வைத்து ஊதுங்கள். காற்றுப் போகக்கூடாது. நைலோன் மிதவை என்றால் அதற்கும் மூடியின் விளிம்புக்கும் நடுவே 1/8 அங்குல டிரில் பிற் ஒன்று சரியாகப் புகவேண்டும்.

அப்படியே மிதவை அறையின் அடியையும் பாருங்கள். அங்கிருந்து ஜெட்டுக்கு (எஞ்சினுக்குப் பெற்றோல் விடும் நுண்துவாரம்) ஒரு மெல்லிய நைலோன் குழாய் போகிறது. அது அறையில் சேரும் இடத்தில் பித்தளை நட்டு, வாஷர், சின்ன றப்பர் வளையம். இந்த எஞ்சினில் அதிகம் ஒழுகும் இடங்களில் இது ஒன்று, அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். ஒழுகுகிறது என்று நட்டை மேலும் மேலும் இறுக்குவார்கள். றப்பர் நசிந்து கிழியும், துணுக்கு ஜெட்டுக்குள் போய் அடைக்கும். புது றப்பர் போடும்போது நைலோன் முனை றப்பரைத் தாண்டிக் குறைந்தது 3/16 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழன்று வரும். நேர் கீழே எக்ஸோஸ்ற் மனிபோல்ட், அதாவது எஞ்சினின் சூடான புகை வெளியேறும் இரும்புக் குழாய், என்பதை மறக்காதீர்கள். நிலத்தில் சொட்டு விழாததற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம்: சூடான இரும்பில் விழுந்தது அங்கேயே ஆவியாகிவிடும். தீப்பிடிக்கும் வழியும் அதுவே.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு முகப்பவுடர் போதும். சந்தேகமான இணைப்புகளைத் துடைத்துக் காயவைத்து மெல்லியதாகத் தூவுங்கள். எஞ்சினை ஓடவிடாமல் திறப்பை ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ரோர்ச் அடித்துப் பாருங்கள். பெற்றோல் பட்ட இடத்தில் பவுடர் கறுத்து ஒட்டிக்கொள்ளும், காய்ந்தபின் விளிம்போடு ஒரு வட்டம் நிற்கும்.

இனிப் பின்பக்கம். நிரப்பிய நாட்களில் மட்டும் மணம் என்றால் தாங்கியின் மேல்மட்டத்தில்தான் ஒழுக்கு. ஒரு கிழமைக்கு அரைத்தாங்கிக்கு மேல் அடிக்காமல் ஓட்டிப் பாருங்கள். பின்சீற்றில் மணம் நின்றால் டிக்கிப் பலகையையும் ஸ்பெயார் சில்லையும் எடுத்து, பெற்றோல் அளவு காட்டும் கருவி தாங்கியில் பொருந்தும் இடத்தைப் பாருங்கள். அங்கே அடைப்பாக வைத்த கோர்க் கஸ்கற் காய்ந்து சுருங்கியிருக்கும். பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே கை வைக்கவேண்டும். புது கஸ்கற்றோடு ஸ்குரூக்களின் புரியிலும் பெற்றோல் தாங்கும் பசை கொஞ்சம் தடவுங்கள், அந்தத் துவாரங்கள் வழியாகவும் கசியும். பெற்றோல் ஊற்றும் குழாயின் சேர்க்கையையும் தடவிப் பாருங்கள். தாங்கியே துருப்பிடித்து ஓட்டை என்றால், வெறுந்தாங்கிதானே என்று வெல்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். நிறைந்ததைவிட ஆவி மிஞ்சிய தாங்கிதான் வெடிக்கும்.

நீளக் குழாயை மாற்றும் முன் ஒரு சோதனை. காபரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, போத்தல் ஒன்றில் கொஞ்சம் ஊற்றிய பெற்றோலுக்குள் நுனி அமிழ்ந்திருக்கும்படி வைத்துப் பம்மை ஓடவிடுங்கள். தொடக்கத்தில் குமிழி வரும். கால் போத்தல் போனபின்னும் குமிழி நிற்கவில்லை என்றால் உறிஞ்சும் பக்கத்தில் காற்றுப் புகுகிறது. அப்போதும் முழுக் குழாயையும் தூக்காமல், முதலில் பம்பின் வடிகட்டி மூடியிலும் இணைப்புகளிலும் உள்ள ஃபைபர் வாஷர்களை மாற்றுங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை அடைக்காது. ரெஃப்ளோன் ரேப் சுற்ற விடாதீர்கள், அதன் நார்தான் ஊசி வால்வில் போய் உட்காரும். போர்க்காலப் பெற்றோல் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெயில் ஓட்டியபோது போட்ட ரி-இணைப்பு (T வடிவக் குழாய்) ஏதும் மிச்சம் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

மெக்கானிக் போட்ட புதுக் குழாயையும் ஒருதரம் பாருங்கள். ஆர்9 (R9, பெற்றோல் குழாய்க்கான தரக் குறி) என்று அச்சிட்டிருந்தால் நல்லது. இந்தச் சிறிய குழாய்க்குத் திருகாணி வைத்த அகலக் கிளிப் சரிவராது, நசிந்து முட்டை வடிவாகும். சுற்றுமுழுக்க ஒரே அளவாக நெருக்கும் ஒடுங்கிய கிளிப் வாங்குங்கள்.

பம் மாற்றித்தான் ஆகவேண்டும் என்று வந்தால் அழுத்தத்தைக் கேட்டு வாங்குங்கள். எஸ்.யு. ஊசிக்குச் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் அளவே போதும். கடைகளில் கிடைக்கும் பல மாற்றுப் பம்கள் 4, 5 இறாத்தல் தள்ளும். அந்த அழுத்தத்தில் புது ஊசியும் இருக்கையை விட்டுத் தள்ளப்பட்டு, காபரேட்டர் மறுபடி வழியும்.