வாசகர் கேள்வி – பதில்: உப்பளத்தில் மிஞ்சும் நீர்

கேள்வி: உப்பு விளைந்தபின் மிஞ்சும் நீரையும் வற்ற விட்டால் கூடுதல் உப்பு கிடைக்குமே, அதை ஏன் வடித்துவிடுகிறார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவி, வாலிநோக்கம்

பதில்: ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன, அவற்றில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பது சோடியம் குளோரைடு. நீர் ஆவியாக ஆவியாக, கரைதிறன் குறைந்த கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. நீரின் அடர்த்தி ஏறத்தாழ 25 டிகிரி பாமே (திரவத்தின் அடர்த்தியைக் குறிக்கும் அளவுகோல்) அளவை எட்டும்போதுதான் நம் சமையல் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. மெக்னீசியம் உப்புகள் மிக எளிதில் கரைபவை என்பதால் கடைசிவரை நீரிலேயே தங்கி, அதைக் கசப்பாக்குகின்றன. அந்த நீரையும் வற்ற விட்டால் உப்பு கசப்பதோடு, மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைவதால் குவியலே கசிந்துகொண்டிருக்கும். எனவே, அடர்த்தி 29 அல்லது 30 டிகிரி பாமேயை நெருங்கும்போது வடித்துவிடுகிறார்கள். உங்கள் பாடத்திலுள்ள 'ஈரம் உறிஞ்சிக் கரையும் சேர்மங்கள்' என்னும் பகுதியை இதனுடன் சேர்த்துப் படியுங்கள், மனப்பாடம் தேவைப்படாது.

புவியியலிலும் இதே வரிசையைக் காணலாம். ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் பெருமளவு வற்றத் தொடங்கியபோது, ஜிப்சமும் பாறை உப்பும் இவ்வாறே அடுக்கடுக்காக அதன் அடியில் படிந்தன.