தகரம் படத்துல குளிரா தெரியுது, உள்ள ஏன் வேகுது? – சூட்டுப் படம் பத்தி கேள்வி பதில்

நான் தெர்மல் கேமரா படங்களோடதான் வேலை செய்யுறேன். நம்ம மலையகத்து ஆளுக அனுப்புன கேள்விகளுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கண்டியில இருந்து ஒரு தம்பி: பிளேன்ல போயி ஒரு ஊரோட சூட்ட எப்படி அளக்குறாங்க?

எல்லாப் பொருளும் தன்னோட சூட்டுக்கு ஏத்த மாதிரி அகச்சிவப்புக் கதிர் விடுது தம்பி, அதுல 8ல இருந்து 14 மைக்ரோமீட்டர் வரைக்கும் உள்ளத பிடிக்கிறதுதான் அந்த கேமரா, வெளிச்சம் தேவையில்ல, நடுராத்திரியிலயும் வேலை செய்யும். 1997 மே மாசம் நாசாகாரங்க அமெரிக்காவுல அட்லாண்டா மேல அட்லஸ்னு ஒரு கருவியோட பறந்தாங்க, பகல்லயும் போனாங்க, விடியுறதுக்கு முன்னுக்கும் போனாங்க. தார் ரோடும் கொங்கிரீட்டும் பகல்ல குடிச்ச சூட்ட ராத்திரி பூரா விட்டுக்கிட்டே கிடக்கும், அது விடியக்காலப் படத்துலதான் பளிச்சுனு தெரியும்.

பதுளை அக்கா: சட்டலைட் படம்தான் சும்மா கிடைக்குதே, பிளேன் எதுக்கு?

லாண்ட்சாட் 8ங்கிற சட்டலைட் சூட்ட அளக்குறது 100 மீட்டர் கட்டமா அக்கா. நம்ம லயம் (தோட்டத்து வரிசை வீடுக), பக்கத்து ரோடு, தேயிலை மலை எல்லாம் ஒரே கட்டத்துல கலந்துரும். 16 நாளைக்கு ஒருக்கா, அதுவும் காலையில 10 மணி போலதான் வரும், அன்னைக்குனு பார்த்து மூடம் போட்டுருந்தா போச்சு. பிளேன்ல போன அட்லஸுல ஒரு கட்டம் 10 மீட்டர்தான்.

ஹட்டன் தங்கச்சி: எங்க லயத்த ட்ரோன்ல எடுத்தாங்க, கூரைத் தகரம் நீலமா, குளிரா காட்டுது. உள்ள இருக்க முடியல. படம் பொய்யா?

இதத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படுறேன். பளபளப்பான தகரம் கதிர் விடுறது ரொம்ப குறைவு, பதிலுக்கு கண்ணாடி மாதிரி மேல இருக்குற வானத்த காட்டும், தெளிஞ்ச வானம் கேமராவுக்கு ஐஸ் மாதிரி, அதான் நீலம். வெயில்ல வாங்குன சூட்ட வெளிய விடத் தெரியாத பொருள் அது. ஒரு துண்டு கறுப்பு இன்சுலேசன் டேப்ப தகரத்துல ஒட்டி அஞ்சு நிமிஷம் விட்டுட்டு படம் எடுங்க. சுத்தி நீலமா இருக்கும், டேப் மட்டும் நெருப்பா நிக்கும், அந்த டேப் சொல்றதுதான் உண்மையான சூடு. துருப்பிடிச்ச தகரத்துல இந்தச் சிக்கல் குறைவு. இத திருத்தாம ஒரு படத்த வச்சு லயத்துல சூடு இல்லனு யாராச்சும் ரிப்போர்ட் எழுதிறக் கூடாது, எனக்கு அதான் கவலை.

நுவரெலியா அண்ணன்: தெர்மாமீட்டர்ல 3 டிகிரி, ஆனா புல்லுல பனி உறைஞ்சு கிடக்கு, எப்படி?

தெர்மாமீட்டர் நிக்கிறது ஆள் உயரத்துல, அது காத்தோட சூடு. தெளிஞ்ச ராத்திரியில புல்லு தன் சூட்ட வானத்துக்கு விட்டுட்டு காத்த விட குளிர்ந்து பூச்சியத்துக்கு கீழ போயிரும். மேலயிருந்து எடுக்குற படம் காட்டுறது புல்லோட சூட்டத்தான். பகல்ல வேற கதை, கவ்வாத்து வெட்டுன (தேயிலைச் செடிய மட்டமா வெட்டி விட்ட) மலை சுடும், கொழுந்து நிறைஞ்ச மலை தண்ணிய ஆவியா விட்டு குளிர்ச்சியா இருக்கும்.

மாத்தளை தம்பி: கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சா சரியாகுமா?

உங்க பக்கம் அடிக்கலாம், வெயிலையும் திருப்பும், சூட்டையும் நல்லா வெளிய விடும். ஹட்டன், நுவரெலியா பக்கம் ராத்திரிக் குளிர்தான் பெரிய பாடு, அங்க தகரத்துக்கு கீழ சீலிங் அடிக்கிறதுதான் பகலுக்கும் ராவுக்கும் உதவும்.